பார்ஸ் ஆயிடுச்சா? எக்ஸ்எம்எல் எடிட்டர் பற்றி வாசகர்கள் கேட்டவை

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன்: "எக்ஸ்எம்எல் ஃபைலை நோட்பேடில் திறந்து திருத்தாதீர்கள், அதற்கென்று எடிட்டர் இருக்கிறது." எது தலைப்பு, எது வரி என்று கோணக் குறிக்குள் பெயர் போட்டு எழுதி வைக்கும் ஃபைல் வகைதான் எக்ஸ்எம்எல். அந்தப் பெயருக்கு டேக் என்று பெயர். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் அதிகக் கடிதம். பிரின்டர் மை பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், உங்கள் முறை அடுத்த இதழில்.

எனக்கு இதில் என்ன அனுபவம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சென்னையில் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கு டைப்செட்டிங் செய்யும் ஒரு நிறுவனத்தில் பதினான்கு வருஷம் டேக் அடித்தேன். இந்தத் தொழிலில் சென்னையும் புதுச்சேரியும் பெரிய கேந்திரங்கள் என்பது வெளியே பலருக்குத் தெரியாது. எங்கள் ஃப்ளோரில் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்க மாட்டோம். 'பார்ஸ் ஆயிடுச்சா?' என்றுதான் கேட்போம். ஃபைல் பிழையில்லாமல் தேறிவிட்டதா என்று அர்த்தம்.

*கேள்வி: எங்கள் ஊர் அம்மன் மீது பாடிய அந்தாதி ஒன்று, 100 பாடல், தாத்தாவின் கையெழுத்துப் படியாக வீட்டில் இருந்தது. வேர்டில் டைப் செய்துவிட்டேன். எக்ஸ்எம்எல் ஆக்கி வைத்தால் நாளைக்கு எதற்கும் உதவும் என்கிறான் பேரன். எனக்கு வயது 71. எந்த எடிட்டர், எப்படிப் போடுவது?*
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

பேரன் சரியாகத்தான் சொல்கிறான், ஐயா. வேர்டு ஃபைலில் 'இது பாடல், இது அடி' என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியுமே தவிர கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எக்ஸ்எம்எல்லில் அதை எழுதியே வைத்துவிடுகிறோம்.

உங்களுக்கு விஷுவல் ஸ்டுடியோ கோட் போதும். காசு இல்லை. மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடினால் முதலில் வந்து நிற்கும் 'ஃப்ரீ டவுன்லோட்' தளங்கள் வேண்டாம். அவற்றிலிருந்து இறக்கிய ஒரு எடிட்டரோடு மூன்று டூல்பாரும் ஒரு 'பிசி க்ளீனரும்' சேர்ந்து வந்து, என் அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டரில் குடியேறிய கதை எனக்குத் தெரியும். 'யூசர் இன்ஸ்டாலர்' என்று இருப்பதை எடுத்தால் அட்மின் பாஸ்வேர்டு கேட்காது. நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று போனால் முடிந்தது.

ஆனால் அது வெறும் வீடுதான், அடுப்பு இன்னும் வைக்கவில்லை. இடப்பக்க ஓரத்தில் நான்கு சதுரம் போல ஒரு படம் இருக்கும். அதை அமுக்கி, மேலே உள்ள தேடல் கட்டத்தில் எக்ஸ்எம்எல் என்று தேடுங்கள். 'ரெட் ஹேட்' என்று பெயர் போட்ட எக்ஸ்டென்ஷனை இன்ஸ்டால் செய்யுங்கள். முன்பெல்லாம் இதற்கு ஜாவாவும் தனியாகப் போட வேண்டியிருந்தது, இப்போது அந்தத் தொல்லை இல்லை. தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகவோ ரொம்பச் சிறிதாகவோ வந்தால், செட்டிங்ஸில் எழுத்துருப் பட்டியலில் நிர்மலா யூஐ என்பதையும் சேர்த்துவிடுங்கள். ஆல்ட் பட்டனோடு இசட்டை அமுக்கினால் நீளமான வரி மடிந்து திரைக்குள் வரும்.

இனி ஃபைல். இப்படி ஆரம்பியுங்கள்:

<அந்தாதி>
  <பாடல் எண்="1">
    <அடி>முதல் அடி இங்கே</அடி>
    <அடி>இரண்டாம் அடி</அடி>
    <அடி>மூன்றாம் அடி</அடி>
    <அடி>நான்காம் அடி</அடி>
  </பாடல்>
</அந்தாதி>

திறந்த டேக் எல்லாம் மூட வேண்டும், கடைசியாகத் திறந்ததை முதலில் மூட வேண்டும், எல்லாவற்றையும் ஒரே ஒரு வெளி டேக் சுற்றி நிற்க வேண்டும். இவ்வளவுதான் இலக்கணம். நீங்கள் திறந்தவுடனே மூடும் டேக்கை எடிட்டரே போட்டுவிடும். பாடலை மூடாமல் அடுத்த பாடலுக்குப் போனால் சிவப்பு நெளிகோடு வரும். வெண்பாவில் தளை தட்டினால் உங்கள் காது சொல்லும் அல்லவா, அந்த வேலையை இங்கே அந்தக் கோடு செய்கிறது.

வேர்டிலிருந்து ஒட்டும்போது ஒரு விஷயம். எண்="1" என்பதில் இருக்கும் மேற்கோள் குறி நேராக நிற்க வேண்டும். வேர்டு அதை அழகாக வளைத்துவிடும். வளைந்த குறியை எக்ஸ்எம்எல் மேற்கோளாகவே மதிக்காது. டேக்குகளை எடிட்டரிலேயே அடியுங்கள், வேர்டிலிருந்து பாடல் வரியை மட்டும் கொண்டு வாருங்கள்.

இன்னொன்று, 'ஃபார்மட் டாக்குமென்ட்' என்ற வசதி. ஃபைலைப் படிக்கட்டு போல அடுக்கித் தரும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அடிக்குள்ளே பாடபேதத்துக்கோ ஊர்ப் பெயருக்கோ தனி டேக் போட்டிருந்தால், அந்த இடத்தில் வரியை உடைத்துவிடவோ இல்லாத இடைவெளியை நுழைத்துவிடவோ வாய்ப்பு உண்டு. நான் வேலை பார்த்த இடத்தில் ராத்திரி ஷிஃப்டில் ஒருவர், செய்யுள் மேற்கோள் நிறைந்த ஒரு அத்தியாயத்தை நல்லெண்ணத்தோடு இப்படி 'அழகுபடுத்தி' அனுப்பிவிட்டார். பார்ஸ் ஆனது. ப்ரூஃப் போனது. தன் கவிதையெல்லாம் உரைநடையாகத் திரும்பி வந்ததைப் பார்த்த ஆசிரியர் எழுதிய பதிலை டீம் லீடர் நோட்டீஸ் போர்டில் ஒட்டி வைத்திருந்தார். அதனால் அடுக்குவதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்எம்எல் நோட்பேட் என்று தனியாக ஒன்று இருக்கிறது. நோட்பேட் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இது வேறு, இதுவும் இலவசம். ஃபைலை இடப்பக்கம் மரக்கிளை போலவும் வலப்பக்கம் அதனதன் வாசகமாகவும் காட்டும். அதன் தேடல் பெட்டியில் எக்ஸ்பாத் (டேக் பெயரை வைத்து இடத்தைச் சுட்டும் முறை) என்பதைத் தேர்ந்து

//பாடல்/அடி[4]

என்று கொடுங்கள். ஒவ்வொரு பாடலின் நான்காம் அடியாக நிறுத்தி நிறுத்திக் காட்டும். ஈற்றுச் சொல் அடுத்த பாடலின் தொடக்கமாகிறதா என்று பார்த்துக்கொண்டே போகலாம். எங்காவது அந்தாதித் தொடர் அறுந்தால், தாத்தாவின் ஏட்டில் ஒரு பாடல் விடுபட்டிருக்கலாம், அல்லது நீங்கள் டைப் செய்யும்போது ஒரு தாளைப் புரட்டிவிட்டிருக்கலாம். நூறாவது பாடலின் முடிவு முதல் பாடலின் தொடக்கத்தோடு மண்டலிக்கிறதா என்பதை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்எம்எல் நோட்பேடில் சேமிக்கும்போது அது தானாகவே அடுக்கிச் சேமிக்கும். செட்டிங்ஸில் அதை நிறுத்திவிடுங்கள், அல்லது பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு சேமிக்காமல் மூடுங்கள்.

*கேள்வி: டேக் பெயரைத் தமிழில் வைக்கவே கூடாது, ஆங்கிலம்தான் செல்லும் என்கிறான் நண்பன். உண்மையா?*
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பந்தயம் கட்டியிருந்தால் நண்பரிடம் வசூல் செய்துகொள்ளுங்கள். 1998 பிப்ரவரி 10 அன்று எக்ஸ்எம்எல் 1.0 வெளியானபோதே தமிழ் எழுத்துக்கு அதில் இடம் இருந்தது. ஒரே ஒரு சின்ன வில்லங்கம்: ஶ. 'ஸ்ரீ'யை 'ஶ்ரீ' என்று எழுத உதவும் இந்த எழுத்து 2005-இல்தான் யூனிகோடுக்குள் (கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் தரும் உலகப் பொதுப் பட்டியல்) வந்தது. எந்தெந்த எழுத்து டேக் பெயரில் வரலாம் என்று எக்ஸ்எம்எல் போட்ட பழைய பட்டியலில் வ-வரைக்கும் வந்து, ஶ-வைத் தாண்டி, ஷ-வுக்குப் போய்விடும். 2008-இல் வந்த ஐந்தாம் பதிப்பு பட்டியலைத் தளர்த்தியது. பழைய விதிப்படி எழுதிய பார்ஸர்கள், அதாவது எக்ஸ்எம்எல்லைப் படித்துச் சரிபார்க்கும் மென்பொருள்கள், இன்னும் புழக்கத்தில் உண்டு என்பதால் டேக் பெயரில் மட்டும் ஶ வேண்டாம். உள்ளே பாட்டில் எத்தனை வந்தாலும் கவலையில்லை.

ஆனால் உங்கள் ஃபைலை உலகத்தில் மற்றவர்களும் பயன்படுத்த வேண்டுமென்றால், இலக்கிய நூல்களுக்கென்றே இருக்கும் டி.இ.ஐ. என்ற பொது வழக்கத்தின் ஆங்கில டேக்குகளைப் போடுவதே மேல். 1987-இல் தொடங்கிய முயற்சி அது. கும்பகோணம் ஐயாவும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். ஃபைல் ஒழுங்காக இருந்தால் மாற்றுவது பத்து நிமிஷ வேலை.

*கேள்வி: தொடக்க டேக்கும் முடிவு டேக்கும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றன. ஆனாலும் 'பொருந்தவில்லை' என்று பிழை காட்டுகிறது. அக்கா, மூன்று நாளாக மண்டை காய்கிறது. டேக்கின் பெயர் 'தொகுதி'.*
— நூலகப் பணியாளர், யாழ்ப்பாணம்

பெயரைச் சொன்னதுமே நோய் தெரிந்துவிட்டது, தங்கச்சி. 'தொ'வில் இருக்கிறது.

ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ொ என்று ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்து ஒட்டவும் செய்யலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. பார்ஸருக்கோ ஒன்றில் ஒரு குறி, மற்றதில் இரண்டு குறி. அது கண்ணால் பார்ப்பதில்லை, எண்ணிப் பார்க்கிறது.

சோதனை எளிது. 'தொ'வுக்கு அடுத்து கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரே தடவை தட்டுங்கள். 'த' மிஞ்சினால் ஒரே குறி. 'தெ' மிஞ்சினால் இரட்டைக் குறி. தொடக்க டேக்கில் 'த'வும் முடிவில் 'தெ'யும் மிஞ்சும் என்று பாருங்கள். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் சில மாற்றிகள் இப்படி இரட்டையாகத் தருவதுண்டு. மாற்றியிலிருந்து வந்த பகுதியையும் நீங்கள் விசைப்பலகையில் அடித்த பகுதியையும் கலந்திருப்பீர்கள்.

தீர்வு, ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ். கொம்பும் காலும் சேர்ந்ததை ொ ஆக்குங்கள், இரட்டைக் கொம்பும் காலும் சேர்ந்ததை ோ ஆக்குங்கள். இந்த இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு 'ரீப்ளேஸ் ஆல்' கொடுக்கலாம். ஆனால் ௌ-க்கு மட்டும் அதே துணிச்சல் வேண்டாம். 'மௌனம்' என்பதில் கொம்போடு ள எழுத்தை அடித்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அதைத் திருத்துகிறேன் என்று கொம்பும் ள-வும் வருகிற இடத்தையெல்லாம் ஒரே மூச்சில் மாற்றினால் 'வெள்ளம்', 'தெளிவு', 'வெளியீடு' எல்லாம் நாசம். நான் ஒரு தடவை மாற்றியிருக்கிறேன். நூலகப் பட்டியலில் 'வெளியீடு' எத்தனை தடவை வரும் என்று உங்களுக்கே தெரியும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். ஔவையாரில் 'ஔ'வுக்குப் பதில் 'ஒ'வும் 'ள'வும் அடித்திருக்கிறீர்களா என்றும் கையோடு பாருங்கள். தேடினால் ஔவையார் கிடைக்காமல் போவதற்கு அதுதான் காரணம்.

*கேள்வி: ஆதார் எக்ஸ்எம்எல் இறக்கினேன். அப்பா பெயரில் ஒரு எழுத்து பிழை. எடிட்டரில் திருத்திக்கொள்ளலாமா?*
— பெயர் வேண்டாம், சேலம்

கூடாது. திருத்தினாலும் பயன் இல்லை. அந்த ஃபைலில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும் சரிபார்க்கும் இடத்தில் கையொப்பம் பொய்த்துவிடும். நீங்கள் எழுத்துப் பிழையைத் திருத்தியதாக நினைப்பீர்கள், அவர்கள் ஆவணத்தைத் திருத்தியதாக நினைப்பார்கள். ஆதார் மையத்துக்குப் போங்கள். பெயர் வேண்டாம் என்றது நல்லதாகப் போயிற்று.

*கேள்வி: பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எக்ஸெல்லில் இருக்கும் பில்களை எக்ஸ்எம்எல் ஆக்கி டேலியில் ஏற்றுகிறோம். சில நாள் மொத்தமாக ஏறுகிறது, சில நாள் ஒன்றுகூட ஏறுவதில்லை. எக்ஸ்எம்எல் எடிட்டர் போட்டால் சரியாகுமா மேடம்?*
— கணக்காளர், திருப்பூர்

பாதி சரியாகும், சார்.

ஒன்றுகூட ஏறாத நாளின் ஃபைலை எடிட்டரில் திறங்கள். சிவப்புக் கோடு பெரும்பாலும் ஒரு பார்ட்டி பெயரில் நிற்கும். அந்தப் பெயரில் & இருக்கும். 'அண்ட் கோ', 'அண்ட் சன்ஸ்' என்று & போடாத கம்பெனி உங்கள் ஊரில் எத்தனை? எக்ஸ்எம்எல்லில் & என்பது ஒரு குறியீடு தொடங்குகிறது என்பதற்கான அடையாளம். தனியாக நிற்கக் கூடாது. அதன் பின்னால் ஒட்டி ஏ, எம், பி என்ற மூன்று ஆங்கிலச் சிறிய எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும் வர வேண்டும். ஒரு & தனியாக நின்றால் அந்த பில் மட்டுமல்ல, ஃபைல் முழுக்கவே எக்ஸ்எம்எல் இல்லை என்று ஆகிவிடும். பிழை இருந்தால் அந்த இடத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்பது எக்ஸ்எம்எல்லின் விதி. எச்டிஎம்எல் மாதிரி 'பரவாயில்லை, விடு' என்று போகாது. ஒவ்வொரு தடவையும் கையால் திருத்தாதீர்கள். எக்ஸெல்லிலேயே பெயர் நெடுவரிசைக்கு, அந்தக் குறியை மாற்றித் தரும் ஒரு சப்ஸ்டிட்யூட் ஃபார்முலா போட்டுவிடுங்கள்.

அடுத்தது, ஃபைலின் முதல் வரிக்கு மேலே வெற்று வரி. 'இது எக்ஸ்எம்எல்' என்று ஃபைலின் தலையில் சொல்லும் அறிவிப்பு வரி இருந்தால் அதற்கு முன்னால் ஒரு ஸ்பேஸ்கூட இருக்கக் கூடாது. எக்ஸெல்லிலிருந்து காப்பி செய்து ஒட்டும்போது இது அடிக்கடி வரும். கண்ணுக்கும் படாது.

மீதிப் பாதி எடிட்டர் சரிசெய்யாதது. தேதி 20250401 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் இருக்க வேண்டும். பற்று வைக்கும் தொகைக்கு முன்னால் மைனஸ் வேண்டும். லெட்ஜர் பெயர் டேலியில் உள்ளபடியே இருக்க வேண்டும். லெட்ஜரை முதலில் ஏற்றிவிட்டுத்தான் வவுச்சரை ஏற்ற வேண்டும். இவற்றில் எது தப்பினாலும் எடிட்டர் வாயே திறக்காது. அதன் கணக்கில் ஃபைல் சுத்தம். டேலிதான் திருப்பி அனுப்பும், அல்லது இன்னும் மோசமாக, தப்பாக ஏற்றிக்கொள்ளும். அதனால் முதலில் கம்பெனி டேட்டாவை பேக்கப் எடுங்கள், இரண்டே பில் உள்ள ஃபைலை ஏற்றிப் பாருங்கள், டேபுக்கைத் திறந்து சரிபார்த்த பிறகு மொத்தத்தையும் ஏற்றுங்கள். மாதக் கடைசியில் இதைச் சொன்னால் கோபம் வரும், தெரியும்.

*கேள்வி: டைப்செட்டிங் கம்பெனி ஒன்றில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். 'ஆக்ஸிஜன் தெரியுமா' என்று போனிலேயே கேட்டார்கள். நான் தெரியும் என்று சொல்லிவிட்டேன். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கிராக் வெர்ஷன் எங்கே கிடைக்கும்?*
— வேலை தேடுபவர், சென்னை

தெரியும் என்று சொன்னதை மன்னிக்கிறேன், தம்பி, நானும் அப்படிச் சொல்லித்தான் சேர்ந்தேன். கிராக் வேண்டாம், தேவையே இல்லை. ஆக்ஸிஜன் எக்ஸ்எம்எல் எடிட்டர் ருமேனியாவில் கிரயோவா நகரத்து நிறுவனம் செய்வது. காசு கட்டித்தான் வாங்க வேண்டும், ஆனால் 30 நாள் இலவசமாகப் பார்க்கலாம். மின்னஞ்சல் கொடுத்தால் அதற்கான கீயை அனுப்புவார்கள். அதைக் கேட்கும் பெட்டியில் ஒட்டினால் ஓடும். உங்களுக்கு மூன்று வாரம்தானே வேண்டும்? இன்றைக்கே போடுங்கள். ஜாவாவில் எழுதியது, கொஞ்சம் கனம். பழைய லேப்டாப்பில் திறப்பதற்குள் காபி போட்டுவிடலாம்.

போட்டதும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, ஃபைலைச் சரிபார்க்க இரண்டு கட்டம் உண்டு என்பது. டேக்குகள் திறந்து மூடியிருக்கின்றனவா என்பது ஒன்று. இதை 'வெல்ஃபார்ம்ட்' என்பார்கள். கட்டுரைத் தலைப்புக்கு முன்னால் ஆசிரியர் பெயர் வரலாமா, சுருக்கம் இல்லாமல் கட்டுரை இருக்கலாமா என்பதெல்லாம் இன்னொன்று. அதைத் தீர்மானிப்பது டிடிடி அல்லது ஸ்கீமா என்ற விதிப் புத்தகம். அதன்படி தேறினால் 'வேலிட்'. ஆய்விதழ் வேலையில் பெரும்பாலும் ஜாட்ஸ் என்ற விதித் தொகுதி இருக்கும். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 2003-இல் வெளியிட்ட டிடிடி-யிலிருந்து வளர்ந்தது, 2012-இல் அதிகாரபூர்வத் தரமானது. இன்டர்வியூவில் இது கட்டாயம் வரும்.

பயிற்சிக்கு இப்படிச் செய்யுங்கள். ஜாட்ஸில் இருக்கும் ஒரு கட்டுரையின் எக்ஸ்எம்எல்லை பப்மெட் சென்ட்ரலிலிருந்து இறக்குங்கள், திறந்த உரிமத்தில் அங்கே ஏராளம் இருக்கின்றன. ஆக்ஸிஜனில் திறந்து, முதல் பக்கத்திலேயே ஏதாவது ஒரு மூடும் டேக்கை வேண்டுமென்றே அழியுங்கள். சரிபார்க்கச் சொல்லுங்கள். என்ன சொல்கிறது, எந்த வரி எண்ணைக் காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். நீங்கள் அழித்த வரியைப் பெரும்பாலும் காட்டாது. அதற்குக் கீழே எங்கேயோ, வெளிப் பெட்டியை மூட முயன்று முடியாமல் போன வரியைத்தான் காட்டும். அங்கேயிருந்து மேல்நோக்கிப் போய் உண்மையான இடத்தைக் கண்டுபிடியுங்கள். இதை ஒரு நாளைக்கு இருபது தடவை செய்யுங்கள்.

ஏனென்றால், உங்களிடம் டெஸ்ட் ஃபைல் ஒன்றைக் கொடுப்பார்கள். திறந்ததும் கீழே பிழைப் பட்டியல் நீளமாக வந்து விழும். எங்களுக்குக் கொடுத்ததில் 143 இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகத் திருத்த ஆரம்பித்தார், திருத்தத் திருத்த எண்ணிக்கை கூடியது. நான் பயத்தில் முதல் பிழையை மட்டும் பார்த்து, ஒரு அட்டவணையின் மூடும் டேக்கைப் போட்டேன். மறுபடி சரிபார்த்தேன். மூன்று மிஞ்சியது. அந்த மூன்றை முடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று என்பது வேறு விஷயம்.